கல்லூரி மகளிர் கூடைப்பந்து அணிக்குப் புதிய தலைமைப் பயிற்சியாளர் வருகிறார்: ஏற்கெனவே அணியில் இருக்கும் மாணவி தங்குவதா, மாறுவதா?

கேள்வி: ஒரு வீராங்கனையின் தந்தை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில், கல்லூரி விளையாட்டின் மேல்நிலையான டிவிஷன் ஒன் பிரிவில் ஆடும் நடுத்தரக் கல்லூரி ஒன்றின் மகளிர் கூடைப்பந்து அணியில் என் மகள் இரண்டாம் ஆண்டை முடிக்கப்போகிறாள். அவள் பள்ளியில் ஆடிய காலத்திலேயே அவளைக் கவனித்து, எங்கள் வீட்டுக்கு வந்து பேசி, உதவித்தொகையோடு அணியில் சேர்த்துக்கொண்ட தலைமைப் பயிற்சியாளர், சீசன் முடிந்த கையோடு பெரிய கல்லூரி ஒன்றின் அழைப்பை ஏற்றுப் போய்விட்டார். அவரவர் தொழிலில் முன்னேற்றம் தேடுவது இயல்பு என்பதால் அவர்மேல் எனக்குக் குறை ஏதுமில்லை. ஆனால் என் மகளுக்கு அந்தச் செய்தி பெரிய அடியாக இருந்தது; அந்தக் கல்லூரியை அவள் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணமே அவர்தான்.

இப்போது அந்தப் பொறுப்புக்கு, அடுத்த நிலையான டிவிஷன் டூ பிரிவில் பல ஆண்டுகள் அணி நடத்திப் பெயர் வாங்கிய ஒரு பெண் பயிற்சியாளரை நியமித்திருக்கிறார்கள். அவருடைய பழைய அணியின் ஆட்டங்களை மகளும் நானும் சேர்ந்து பார்த்தோம். தொடக்கம் முதல் முடிவுவரை ஆடுகளம் முழுக்க எதிரணியை நெருக்கிப் பிடிக்கும் ஃபுல் கோர்ட் பிரஸ், பந்து கையில் கிடைத்த கணமே ஓட்டம், ஒரு கூட்டம் களைப்பதற்குள் இன்னொரு கூட்டத்தை இறக்குவது என்று எல்லாமே வேகம். என் மகள் உயரமானவள். கூடைக்கு அருகில் முதுகு காட்டி நின்று, பந்தை வாங்கித் திரும்பி ஆடும் போஸ்ட் வீராங்கனை. பழைய பயிற்சியாளரின் நிதானமான ஆட்டமுறைக்காகவே எடுக்கப்பட்டவள். அதிலும் இதுவரை மாற்று வீராங்கனையாகத்தான் இறங்கியிருக்கிறாள்.

அணித்தோழிகள் இருவர், வேறு கல்லூரிக்கு மாற விரும்புவோர் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்கள். மகள் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறாள். தான் தேர்ந்தெடுக்காத வீராங்கனைகளைப் புதியவர் எப்படிப் பார்ப்பார், முதல் சீசனில் அணி தோற்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வது, பெற்றோராகிய நாங்கள் இதில் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்பவையே என் கேள்விகள். இந்த உலகத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: கல்லூரி அணியொன்றில் பயிற்சிக் குழுவில் பணியாற்றியவர்

வணக்கம் ஐயா. தலைமைப் பயிற்சியாளர் மாறிய ஓர் அணியின் பயிற்சிக் குழுவில் நான் இருந்திருக்கிறேன் என்பதால், அந்த முதல் வாரங்கள் உள்ளே எப்படி நகர்கின்றன என்பதைச் சொல்கிறேன்.

பொறுப்பேற்ற பயிற்சியாளருக்கு முதல் சில நாட்களில் மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் கழுத்தை நெரிக்கும். அணியில் இருக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்திக்க வேண்டும். துணைப் பயிற்சியாளர்களை நியமிக்க வேண்டும். முந்தைய பயிற்சியாளரை நம்பி அடுத்த ஆண்டு சேர ஒப்புக்கொண்டிருக்கும் பள்ளி மாணவிகளைத் தொலைபேசியில் பிடித்து, அவர்கள் வருகிறார்களா இல்லையா என்று கேட்க வேண்டும். ஆகவே உங்கள் மகளுக்குக் கிடைக்கும் முதல் சந்திப்பு சுருக்கமாகவும் பொதுவான பேச்சாகவும் இருந்தால், அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவளைப் பற்றி அவர் அறிந்தது பெரும்பாலும் காணொளியில் பார்த்த அளவுதான். இரண்டாவது சந்திப்பு எப்படி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அதற்குள் அவர் மகளின் ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்திருந்தால், இன்ன இடத்தில் உன்னைப் பயன்படுத்த நினைக்கிறேன், அதற்கு இன்னது உன்னிடம் குறைகிறது என்று குறிப்பாகப் பேசுவார். அப்படிக் குறிப்பாகப் பேசும் பயிற்சியாளர், கேட்பதற்குக் கசப்பானதைச் சொன்னாலும், மகளைத் தன் திட்டத்துக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார் என்று பொருள்.

அடுத்து, துணைப் பயிற்சியாளர்களின் பட்டியலைப் பாருங்கள். பெற்றோர்கள் தலைமைப் பயிற்சியாளரின் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் போஸ்ட் வீராங்கனைகளோடு தினமும் நின்று கால் அசைவையும் இடம் பிடிப்பதையும் கற்றுத் தருபவர் பெரும்பாலும் ஒரு துணைப் பயிற்சியாளரே. பழைய குழுவில் ஒருவரையாவது புதியவர் தக்கவைத்துக்கொண்டால், பழைய வீராங்கனைகளின் குணமும் காயங்களின் வரலாறும் அறிந்த ஒருவர் அந்த அறையில் இருப்பார். அது மிகப் பெரிய ஆறுதல்.

நேரம் எவ்வளவு குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி சீசன் அல்லாத நாட்களில் வாரத்துக்கு 8 மணி நேரம்தான் கட்டாயப் பயிற்சி வைக்கலாம். அதிலும் பந்தோடு கற்றுத் தரும் நேரம் 4 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. கோடையில் 8 வாரங்கள் கிடைக்கும். முழு அளவிலான பயிற்சி முதல் ஆட்டத்துக்கு 42 நாட்களுக்கு முன்புதான் தொடங்கும். அப்போதும் வாரத்துக்கு 20 மணி நேரமே உச்சவரம்பு, ஒரு நாள் கட்டாய ஓய்வு. இவ்வளவு சிறிய கால அளவுக்குள் புதிய ஆட்டமுறை ஒன்றை முழுமையாகப் புகுத்துவது யாராலும் இயலாத காரியம். அனுபவமுள்ளவர்கள் தடுப்பாட்டத்தை முதலில் கற்றுக் கொடுத்துவிட்டு, தாக்குதலில் பழைய அணி அறிந்த சிலவற்றை அப்படியே விட்டுவைப்பார்கள்.

பிரஸ் ஆடும் அணியில் போஸ்டுக்கு இடமில்லை என்ற அச்சம் தேவையற்றது. முன்னிருந்து பின்னாக ஒருவர், இருவர், ஒருவர், ஒருவர் என்று 1-2-1-1 வரிசையில் நிற்கும் பிரஸ்ஸில் கடைசி ஆளாகக் கூடையைக் காப்பவள் பெரும்பாலும் உயரமானவளே. முன்வரிசை உடைக்கப்பட்டால் எதிரணி இருவர் ஒருத்தியை நோக்கிப் பாய்ந்து வருவார்கள். அந்த ஒருத்திக்குத் துணிவும் நேரக் கணிப்பும் வேண்டும். சில அணிகள் உயரமானவளை முன்னால் நிறுத்தி, எல்லைக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே போடுபவளின் பார்வையை மறைக்கச் சொல்வதும் உண்டு. இவை எல்லாமே கற்றுக்கொள்ளக் கூடியவை. ஆனால் பந்து கைமாறியவுடன் இந்தக் கூடையிலிருந்து அந்தக் கூடைவரை மற்றவர்களுக்கு முன்பாக ஓடிச் சேரும் உடல்திறன் இல்லாவிட்டால், மற்ற எதுவும் பயன் தராது. மகள் தங்குவதென்று முடிவு செய்தால் கோடை முழுவதும் அவள் உழைக்க வேண்டியது ஓட்டத்தில்தான்.

'தான் தேர்ந்தெடுக்காதவர்கள்' பற்றி ஒரு வார்த்தை. பழைய ஆட்கள் அனைவரையும் கழித்துக்கட்டத் துடிக்கும் பயிற்சியாளர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அணியை விட்டு மாணவிகள் விலகுவது, படிப்பு முன்னேற்றத்துக்காக என்சிஏஏ கணக்கிடும் ஏபிஆர் மதிப்பெண்ணையும் பாதிக்கக் கூடும். அதோடு, நடுத்தரக் கல்லூரியில் வெளியிலிருந்து பதினைந்து பேரைத் திரட்டுவதற்கான பணமும் கிடையாது. உங்கள் மகளைப் போல இரண்டு ஆண்டு அனுபவமுள்ள உயரமான வீராங்கனை, இப்படிப்பட்ட கல்லூரிக்கு எளிதில் கிடைப்பவள் அல்லள்.

மறுமொழி: மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்பவர்

முதல் சீசனின் தோல்விகளை எப்படி எடுத்துக்கொள்வது என்ற உங்கள் கேள்விக்கு இந்த விளையாட்டின் வரலாற்றில் நிறையப் பதில் இருக்கிறது.

டென்னசி பல்கலைக்கழக அணியைப் பேட் சம்மிட் 1974-இல் ஏற்றபோது அவருக்கு 22 வயது. மகளிர் கல்லூரிப் போட்டிகள் அப்போது என்சிஏஏவின் கீழ் வரவே இல்லை. ஏஐஏடபிள்யூ என்ற தனி அமைப்பு நடத்திவந்தது. சீருடைகளைத் துவைப்பதும் வேன் ஓட்டுவதும்கூட அவர் வேலையாகவே இருந்தன. முதல் ஆட்டத்தில் மெர்சர் அணியிடம் 84-83 என்று ஒரே புள்ளியில் தோற்றார். 8 தேசியப் பட்டங்களும் 1,098 வெற்றிகளும் அதற்குப் பிறகு வந்தவை. கனெக்டிகட் அணியை 1985-இல் ஏற்ற ஜீனோ ஆரியம்மாவின் முதல் சீசன் 12 வெற்றி, 15 தோல்வி. பத்து ஆண்டுகள் கழித்து, 1995-இல், ஒரு தோல்வியும் இல்லாமல் 35 ஆட்டங்களையும் வென்று முதல் பட்டத்தைப் பெற்றார்; 2025-இல் பன்னிரண்டாவது பட்டம்.

என் மனத்துக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு டான் ஸ்டேலி. ஒலிம்பிக் தங்கம் வென்ற வீராங்கனை, டெம்பிள் அணியில் வெற்றிகரமாகப் பயிற்சி அளித்தவர் என்ற பெருமைகளோடு 2008-இல் தென் கரோலைனாவுக்கு வந்தார். முதல் சீசனில் 10 வெற்றி, 18 தோல்வி. இரண்டாவது சீசனிலும் தோல்விகளே ஒன்று கூடுதல். என்சிஏஏ தேசியப் போட்டிக்குள் அந்த அணியை அவர் கொண்டுபோய்ச் சேர்த்தது 2012-இல். முதல் பட்டம் 2017-இல், பிறகு 2022-இல், பிறகு 2024-இல் 38 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தோற்காமல் மூன்றாவது. அந்த முதல் இரண்டு ஆண்டுகளின் புள்ளிப்பட்டியலை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய பிழையாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. பயிற்சியாளர் கிம் மல்கி 2021-இல் பேய்லர் பல்கலைக்கழகத்தை விட்டு, லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்எஸ்யூவுக்குப் போனார். அதற்கு முந்தைய சீசனில் 9 வெற்றி, 13 தோல்வி என்று கிடந்த அந்த அணி, அவருடைய முதல் சீசனில் 26 வெற்றி, 6 தோல்வி என்று எழுந்தது. இரண்டாவது சீசனில், 2023 இறுதியாட்டத்தில், அயோவாவை 102-85 என்று வென்று பட்டமே பெற்றது. ஆனால் அந்தப் பட்டம் வென்ற அணியில் ஏஞ்சல் ரீஸ் உட்படப் பலர் வேறு கல்லூரிகளிலிருந்து அப்போதுதான் வந்தவர்கள். 2018-இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்ததும், 2021-இல் ஒருமுறை மாறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்று விதி தளர்ந்ததும், 2024-இல் அந்த ஒருமுறை வரம்பும் நீங்கியதும் பொறுமைக்கான இடத்தைக் குறுக்கிவிட்டன. இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். ஸ்டேலிக்குக் கிடைத்த நான்கு ஆண்டு அவகாசம் இன்று பொறுப்பேற்பவருக்குக் கிடைக்குமா என்பது ஐயமே.

உள்ளேயிருந்து ஒருவர் பொறுப்பேற்றாலும் முதல் ஆண்டு எளிதாக இருப்பதில்லை. நோட்ர டேம் அணியின் பயிற்சியாளர் மஃபெட் மெக்ரா 2020-இல் ஓய்வுபெற்றபோது, அதே அணியில் ஆடி 2001-இல் பட்டம் வென்ற நீல் ஐவி பொறுப்பேற்றார். முதல் சீசனில் 10 வெற்றி, 10 தோல்வி. அடுத்த ஆண்டே தேசியப் போட்டியின் கடைசிப் பதினாறு அணிகளுக்குள் வந்துவிட்டார். டாரா வேன்டர்வீர் 2024-இல் 1,216 வெற்றிகளோடு விடைபெற்ற பின் ஸ்டான்ஃபோர்டை ஏற்ற கேட் பேயும் அவருடைய பழைய மாணவிதான்; இருந்தும் பேயின் முதல் சீசனில், 1987-க்குப் பிறகு முதல்முறையாக, அந்த அணி தேசியப் போட்டியில் இடம்பெறவில்லை. அதே ஆண்டில் லிசா பிளூடரிடமிருந்து அயோவாவை ஏற்ற ஜேன் ஜென்சன், நட்சத்திர வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் போன பிறகும் அணியைத் தேசியப் போட்டிக்குள் வைத்திருந்தார்.

உங்கள் மகளின் நிலைமைக்கு மிகவும் பொருந்துபவர் கிம் கால்ட்வெல். டிவிஷன் டூ பிரிவில் கிளென்வில் ஸ்டேட் அணியோடு 2022-இல் பட்டம் வென்றவர். மார்ஷல் அணியில் ஒரே ஒரு சீசன் இருந்து, அங்கும் தேசியப் போட்டிவரை போய், 2024-இல் டென்னசிக்கு வந்தார். நீங்கள் வர்ணித்த அதே ஆட்டமுறை: ஓயாத பிரஸ், ஐந்து ஐந்து பேராக ஆட்களை மாற்றுவது. டிவிஷன் டூவிலிருந்து வந்தவருக்கு இவ்வளவு பெரிய இடமா என்று பலர் கேட்டார்கள். முதல் சீசனிலேயே டென்னசி 24 ஆட்டங்களில் வென்று கடைசிப் பதினாறு அணிகளுக்குள் வந்தது. இடையில் கனெக்டிகட்டையும் வீழ்த்தியது. கூட்டமாக ஆள் மாற்றும் முறையில் ஒன்பது பத்து பேருக்காவது ஆட்ட நேரம் கிடைத்துவிடும் என்பதையும் யோசியுங்கள். மாற்று வீராங்கனையாக இருக்கும் உங்கள் மகளுக்கு இது பழைய நிதான முறையைவிடக் கூடுதல் வாய்ப்பாகவே அமையலாம்.

மறுமொழி: முன்னாள் கல்லூரி வீராங்கனை

மேலே எழுதியவர் தந்த தகவல்கள் அருமையானவை. ஆனால் அவை எல்லாமே பயிற்சியாளர்களின் கதைகள் என்பதைப் பணிவோடு சுட்டிக்காட்ட விரும்புகிறேன். தென் கரோலைனா நான்கு ஆண்டுகளில் நிமிர்ந்தது என்பது ஸ்டேலிக்கு ஆறுதல். அந்த முதல் ஆண்டில் கடைசி ஆண்டு மாணவியாக இருந்தவளுக்கு அடுத்த சீசன் என்று ஒன்று கிடையாது. கல்லூரி வீராங்கனைக்கு இருப்பது நான்கு சீசன்கள். உங்கள் மகளுக்கு மிச்சம் இரண்டு. 'அணி காலப்போக்கில் முன்னேறும்' என்ற நம்பிக்கை அவளுக்குப் போதுமானதன்று.

நான் ஆடிய அணியிலும் இடையில் பயிற்சியாளர் மாறினார், நான் தங்கினேன். முதல் மாதங்களில் என்னை மிகவும் வாட்டியது, மூத்தவள் என்ற நிலை ஒரே நாளில் இல்லாமல் போனதுதான். ஒரே தடுப்பு முறைக்குப் பழையவர் ஒரு பெயர் வைத்திருந்தார், புதியவர் வேறொரு பெயர் வைத்திருந்தார். எதிரணியில் ஒருத்தி நம் தடுப்பாளரின் வழியை மறித்துவிட்டுக் கூடையை நோக்கி நகரும் பிக் அண்ட் ரோல் வரும்போது பின்வாங்கி நிற்க வேண்டும் என்று உடம்பில் ஊறிப்போயிருந்ததை, உடனே ஆள் மாற்றிப் பிடி என்றார். யோசிக்காமல் செய்துவந்ததை யோசித்துச் செய்ய வேண்டி வந்ததால் எல்லோருமே ஒரு கணம் தாமதமானோம். முதலாண்டு மாணவிகள் எங்களைவிட வேகமாகக் கற்றார்கள். அவர்களுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை. இப்படி ஒரு காலம் வரும் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால், என் திறமையே போய்விட்டதோ என்று அவ்வளவு அஞ்சியிருக்க மாட்டேன். உங்கள் மகளிடம் இதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

நாளடைவில் எனக்கென்று ஒரு வேலை கிடைத்தது. அதிகப் புள்ளிகள் எடுக்கும் வேலை அல்ல. எதிரணியினரின் வழியில் நின்று ஸ்கிரீன் போட்டு மற்றவரை விடுவிப்பது, கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்து ரீபவுண்டு எடுப்பது, தடுப்பில் பின்னாலிருந்து குரல் கொடுத்து மற்றவர்களை நகர்த்துவது. அந்தப் பங்கைப் புதிய பயிற்சியாளர் எல்லோர் முன்னிலையிலும் மதித்துப் பேசினார். நான் தங்கியதற்கு அதுவே எனக்குப் போதுமான பலனாக இருந்தது. என்னோடு இருந்த ஒருத்தி விலகி வேறு கல்லூரிக்குப் போனாள். அவள் அங்கே தொடக்க ஐவரில் ஒருத்தியாகி மகிழ்ச்சியாக ஆடினாள். எங்கள் இருவருடைய முடிவுமே சரியானவை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆகவே போர்ட்டலில் பெயர் கொடுத்த அந்த இரண்டு தோழிகளை உங்கள் வீட்டில் குறை சொல்லாதீர்கள். அவர்களோடு உள்ள நட்பு மகளுக்கு முக்கியம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளும் படித்தாள், குறிப்பாகச் சகோதரி எழுதிய, பழகியதை மறக்க வேண்டிய காலம் பற்றிய பகுதியை இருமுறை படித்தாள். ஒரு விஷயம் இன்னும் தெளிவாகவில்லை. அவள் இயந்திரப் பொறியியல் படிக்கிறாள். மாறினால் படிப்புக்கும் உதவித்தொகைக்கும் என்ன ஆகும்? போர்ட்டலில் பெயரை மட்டும் கொடுத்து வைத்து, யார் அழைக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது பாதுகாப்பான வழியா?

மறுமொழி: விளையாட்டு மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசனை வழங்குபவர்

பெயரை மட்டும் கொடுத்து வைப்பது பலர் எண்ணுவதுபோல் ஆபத்தில்லாத செயல் அல்ல. பெயர் பதிவானபின், நடப்பு செமஸ்டர் முடிந்ததும் இப்போதைய கல்லூரி உதவித்தொகையைத் தொடர வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபடலாம். பெயரைத் திரும்பப் பெற்றாலும், உங்கள் மகளை மீண்டும் ஏற்பதா என்பது அந்தப் பயிற்சியாளரின் விருப்பம். அதற்குள் அந்த இடத்தை அவர் வேறொருவருக்குக் கொடுத்திருக்கக் கூடும். 2025-26 முதல், விளையாட்டு வருவாயில் மாணவர்களுக்கும் பங்கு தரும் உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் கூடைப்பந்து அணிக்கு 15 பேர் என்ற உச்சவரம்பு இருப்பதால், இடங்கள் முன்பைவிட இறுக்கமாகவே இருக்கின்றன. மாறாக, பெயர் கொடுக்காமல் தங்கும் மாணவியின் உதவித்தொகையை, ஒப்பந்தக் காலம் முடிவதற்குள், ஆட்டத்திறன் போதவில்லை என்ற காரணத்துக்காகக் குறைக்க விதி இடம் தருவதில்லை. அந்த ஒப்பந்தம் ஓராண்டுக்கா, படிப்பு முடியும்வரையா என்பதைக் கையில் எடுத்துப் பாருங்கள். உங்கள் முடிவில் பாதி அந்தத் தாளில்தான் இருக்கிறது.

பொறியியல் என்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. டிவிஷன் ஒன் விதிப்படி, மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன் பட்டத்துக்கு வேண்டிய பாடங்களில் 40 விழுக்காடும், நான்காம் ஆண்டுக்கு முன் 60 விழுக்காடும், ஐந்தாம் ஆண்டுக்கு முன் 80 விழுக்காடும் முடித்திருக்க வேண்டும். கல்லூரி மாறினால் இந்த விழுக்காட்டைப் புதிய கல்லூரியின் பாடத்திட்டத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். வெப்ப இயக்கவியலோ பொருள்களின் வலிமையோ இங்கே முடித்திருந்தும் அங்கே வேறு அளவில் இருந்தால், அதை வெறும் விருப்பப் பாடமாக மட்டுமே ஏற்கக்கூடும். அப்போது படித்தது வீணாவதோடு ஆடும் தகுதியே கேள்விக்குள்ளாகும். நல்ல மாணவிகள்கூட இந்தக் காரணத்துக்காகப் பொறியியலை விட்டு வேறு பாடத்துக்கு மாறியதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே மனம் பொறுக்காத காட்சி அது. எந்தக் கல்லூரி அழைத்தாலும், வாய்வார்த்தையாக ஒப்புக்கொள்வதற்கு முன்பே, அவளுடைய மதிப்பெண் பட்டியலைப் பொறியியல் துறைக்கு அனுப்பி, எந்தெந்தப் பாடம் ஏற்கப்படும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

போர்ட்டல் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. தலைமைப் பயிற்சியாளர் மாறிய அணிக்கென்று தனி அவகாசம் தருகிறார்கள். அதன் நாட்கள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. இந்த ஆண்டுக்கான தேதியைக் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் மகளே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அங்கே கேள்வி கேட்பதால் அவள் விலகப்போகிறாள் என்று ஆகிவிடாது.

மறுமொழி: முன்னாள் கல்லூரி வீராங்கனை

பெற்றோர் எவ்வளவு தலையிடலாம் என்று முதலில் கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் விடை சொல்லவில்லை. உதவித்தொகை, பாடங்கள், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றில் நீங்கள் தயங்காமல் கேள்வி கேளுங்கள். அவை குடும்பத்தின் விஷயங்கள். ஆட்ட நேரம், ஆட்டமுறை, பயிற்சியாளர் பேசும் விதம் ஆகியவற்றைப் பற்றி மகள்தான் பேச வேண்டும். அப்பா தொலைபேசியில் அழைத்து என் பெண்ணுக்கு எவ்வளவு நிமிடம் தருவீர்கள் என்று கேட்டால், எந்தப் பயிற்சியாளரும் மரியாதையாகப் பதில் சொல்வார்; ஆனால் அவளைப் பற்றி அவர் மனத்தில் பதியும் முதல் செய்தி, தனக்காகத் தானே பேசத் தெரியாதவள் என்பதாக இருக்கும். மகளை அவமதிக்கும் பேச்சோ, காயத்தோடு ஆடச் சொல்லும் வற்புறுத்தலோ இருந்தால் மட்டும் இந்த விதி பொருந்தாது. அப்போது உடனே நேரில் போங்கள்.

அவள் தனியாகப் போய்ச் சந்திக்கும்போது, எனக்கு வாய்ப்பு உண்டா என்று கேட்க வேண்டாம். அதற்கு எல்லோரும் உண்டு என்றே சொல்வார்கள். உங்கள் பிரஸ்ஸில் நான் எந்த இடத்தில் நிற்பேன், உங்கள் பழைய அணியில் என்னைப் போன்ற உடல்வாகு உள்ளவர் யார், அவர் எப்படி ஆடினார், கோடை முடிவதற்குள் நான் எட்ட வேண்டிய ஓட்ட அளவு என்ன, போஸ்ட் ஆட்டத்துக்குத் துணைப் பயிற்சியாளராக யாரை எடுக்கப்போகிறீர்கள், இதே உயரத்தில் வேறு யாரையும் போர்ட்டலிலிருந்து தேடுகிறீர்களா என்று கேட்கட்டும். கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயக்கமாக இருக்கும், ஆனால் அதைத்தான் கட்டாயம் கேட்க வேண்டும். நேர்மையான பயிற்சியாளர் தேடுகிறேன் என்றே சொல்வார், காரணத்தையும் சொல்வார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால் தங்கட்டும்.

சந்திப்புக்கான நேரத்தை இந்த வாரமே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். செமஸ்டர் தேர்வு வந்துவிட்டால் அவளுக்கு நேரம் இருக்காது. தேர்வு முடிந்தபின் பயிற்சியாளர்கள் பள்ளி மாணவிகளின் போட்டிகளைப் பார்க்க ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள்.